அடுத்த சீசனும் அவரை எடுப்பதா?

எங்கள் வீட்டு ஃபிரீசரில் இப்போது மீன் வைக்க இடம் இருக்கிறது. இதையும் ஒரு செய்தியென்று சொல்ல வந்துவிட்டாளே என்று நினைப்பவர்கள் உதைபந்தாட்டக்காரரைக் கல்யாணம் செய்யாதவர்கள். பல வருடங்களாக அதன் மேல்தட்டு முழுக்க ஐஸ் பைகள்தான் கிடந்தன. நீலப் பை முழங்காலுக்கு, நீட்டுப் பை தொடைக்கு. கணுக்காலுக்கென்று ஒரு பட்டாணிப் பக்கெற். அந்தப் பட்டாணியை நான் ஒருநாளும் கறியாக்கியதில்லை. அது எத்தனை தரம் உருகி எத்தனை தரம் உறைந்ததென்று அதற்குத்தான் தெரியும்.

என் கணவர் எங்கள் ஊர்க்காரர் அணியின் வலது ஓரத்து ஆட்டக்காரர். மன்னாரிலிருந்தும் அதை ஒட்டிய கரையோர ஊர்களிலிருந்தும் வந்து, அவுஸ்திரேலியாவில் மெல்பேர்னுக்குப் பக்கத்து டண்டினொங்கைச் சுற்றிக் குடியிருக்கும் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அணி அது. ஞாயிற்றுக்கிழமை பூசை எப்படியோ, அப்படித்தான் எங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமை பந்து. பூசைக்குப் பிந்தி வந்தால் பங்குச் சுவாமி மன்னிப்பார். பயிற்சிக்குப் பிந்தி வந்தால் கோச் மன்னிக்கமாட்டார்.

அவர் ஓடுவதைப் பார்க்கவேண்டும். மனைவி என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம், மனைவி என்பதால் குறைத்துத்தான் சொல்கிறேன். எல்லைக் கோட்டை ஒட்டி அவர் பந்தோடு கிளம்பினால், வெளியே ரோல்ஸ் தின்றுகொண்டு நிற்பவர்கள்கூட வாயில் வைத்ததை விழுங்க மறந்து நிற்பார்கள். எதிரணி அவரைப் பிடிக்கவென்றே இரண்டு பேரை விடும். சீசன் தொடங்கி முதல் சில ஆட்டங்களில் எங்கள் அணியைப் பிடிக்க ஆளே இருக்காது.

பிறகு குளிர் இறங்கும். ஒரு சனிக்கிழமை ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். மிச்சச் சீசனை எங்கள் வீட்டு சோபாவில் கழிப்பார். அப்போது முதலாம் வகுப்பில் இருந்த மகள் பள்ளிக்கூடப் பையோடு வந்து சோபாவை எட்டிப் பார்த்து, "அப்பா, ஆர் யூ புரோக்கன் அகெய்ன்?" என்று கேட்பாள். வேறு வீட்டுப் பிள்ளைகள் அப்பா வேலையால் வந்துவிட்டாரா என்று கேட்பதுபோல அவளுக்கு அது.

விட்டுவிடச் சொல்ல வேண்டியதுதானே என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு முழுக்கதை தெரியாது. அகதியாகப் படகில் வந்தவர் அவர். முகாம் முகாமாக மாற்றிக் கடைசியில் சிட்னியில், வில்லாவுட் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவாராம். கூட இருந்த சிலர் நாள் முழுக்கக் கட்டிலிலேயே கிடந்தார்கள், சிலருக்குத் தலை குழம்பிப்போனது, தான் ஓடி ஓடித் தப்பினேன் என்று ஒரேயொரு முறை சொல்லியிருக்கிறார். வெளியே விட்டதும் ஊர்க்காரர் ஒருவர் மெல்பேர்னுக்குக் கூட்டிவந்தார். வந்த கையோடு கோச் அவரிடம் ஒரு ஜெர்சியைத் தூக்கிக் கொடுத்தார். வேலை கிடைக்கவில்லை, விசா முடிவு தெரியவில்லை, அடுத்த மாதம் எங்கே படுப்பதென்றுகூடத் தெரியாது. இந்த நாட்டில் அவருக்கென்று முதன்முதலில் கிடைத்த பொருள் அந்த ஜெர்சி. என்னைக் கட்டிவைத்ததும் அந்த அணிதான். கோச்சின் மனைவியும் நானும் ஒரே வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறோம். நல்ல பிள்ளை, பந்தைத் தவிர வேறு பழக்கம் இல்லை என்று அவதான் கதையைத் தொடக்கினா. அந்தப் பழக்கம் எப்படிப்பட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

போன சீசனில் தொடையோடு நிற்கவில்லை, முழங்கால் போய்விட்டது. ஒருவரும் தள்ளவில்லை, தானாகத் திரும்பினார், ஜவ்வு அறுந்தது. ஒப்பரேசன் செய்த டொக்டர், இதே இடம் இன்னொரு தரம் போனால் படி ஏறுவதையும் முழங்காலில் நிற்பதையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் இவரை விட்டால் ஆளில்லை.

என்னால் தலையாட்ட முடியவில்லை. கதிரையிலிருந்து எழும்பமுடியாதவர்களைக் கைகொடுத்து எழுப்பி நிறுத்துவதுதான் என் நாள் முழுக்க வேலை. முழங்கால் போன மனிதர் குளியலறைக் குழாயை எப்படிப் பிடிப்பார், கழிவறைக்குப் போக வேண்டுமென்று சொல்ல எப்படிக் கூச்சப்படுவார், எல்லாம் எனக்குத் தெரியும். அவர்களுக்கெல்லாம் எண்பது தாண்டிவிட்டது. இவருக்கு இன்னும் நாற்பதாகவில்லை. இவரை அந்தக் கோலத்தில் நினைத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இந்த அணி அடுத்த சீசனுக்கு இவரை எடுக்கக் கூடாது என்று நான் கோயிலில் நேர்த்தி வைக்காத குறை.

அவரோ கால் கொஞ்சம் தேறியதும் கராஜுக்குள் ஸ்கிப்பிங் கயிறு அடிக்கத் தொடங்கினார். தட், தட் என்று சத்தம் குசினிக்குக் கேட்கும். சத்தம் நின்றால் விழுந்துவிட்டாரோ என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

அடுத்த சீசனுக்கு ஆட்களின் பெயர் கொடுக்கும் காலம் வந்தது. அணியின் கமிட்டிக் கூட்டம் எப்போதும் எங்கள் கராஜில்தான் நடக்கும். ஹீற்றரும் இருக்கிறது, ரோல்ஸ் பொரிக்க நானும் இருக்கிறேன். அன்று ஞாயிறு பின்னேரம். இவர் மகளை நடன வகுப்பிலிருந்து கூட்டிவரப் போயிருந்தார். இவர் போன கார்ச் சத்தம் தெருமுனையில் ஓய்ந்ததோ இல்லையோ, கராஜில் கதை தொடங்கிவிட்டது. குசினிக் கதவு திறந்தபடி இருந்தது. நான் அதைச் சாத்தவில்லை.

"அண்ணையை எடுக்கிறதோ, விடுறதோ?" என்று தொடக்கினான் கோல் காக்கிறவன்.

"எடுக்காமல்? போன வருசம் முதல் ஆட்டங்கள் முழுக்க வெண்டது ஆராலை?" என்றார் செயலாளர்.

"பிறகு தோத்ததும் அவராலைதான். பந்து முழுக்க அவருக்கே அடிச்சுப் பழகிப்போட்டம். அவர் விழுந்த உடனை எங்களுக்கு விளையாடவே தெரியேல்லை."

"அவரைப்போல ஒருத்தன் எங்கையாவது இருக்கிறானோ, சொல்லு பாப்பம்?"

"இல்லை. கால் நல்லா இருக்கிற நாளிலை அவரைப்போல ஆளில்லை. அந்த நாள்தான் வரவரக் குறையுது. அதோடை அந்தக் கால் இன்னொருக்கா போனா, அண்ணியின்ரை முகத்திலை ஆர் முழிக்கிறது?"

கோல் காக்கிறவனுக்கு அன்று இரண்டு ரோல்ஸ் கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் கோச் கேட்டார்: "சரி, விடுறது எண்டால், ஆர் அவரிட்டைச் சொல்லுறது?"

அதற்குப் பிறகு ரோல்ஸ் மெல்லும் சத்தம் மட்டுமே கேட்டது. மைதானத்தில் நடுவரின் தாய் தகப்பன்வரை விசாரிக்கிற வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. முகாமிலிருந்து வந்து நின்றவனுக்கு ஜெர்சி கொடுத்தவர்கள், அதைக் கழற்று என்று எப்படிச் சொல்வார்கள்?

கொஞ்ச நேரத்தில் கோச் வெறும் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினிக்குள் வந்தார். தன் கோப்பையைத் தானே கழுவுகிற மனிதர் அல்ல அவர்.

"தங்கச்சி, அவற்றை கால் இப்ப எப்பிடி?"

"இருக்கண்ணை."

"ஓடுவாரோ?"

"ஓடுவன் எண்டுதான் சொல்லுறார்."

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் வேண்டாம் என்றால் நாளைக்கு மைதானம் முழுக்க, 'மனுசி விடேல்லையாம்' என்று பரவும். ஜவ்வு அறுந்தாலும் தாங்குவார், அதைத் தாங்கமாட்டார்.

"அவற்றை விருப்பம் அண்ணை" என்றேன்.

"ஓமோம், அவற்றை விருப்பம்தான்" என்று சொல்லிவிட்டுக் கோச் கோப்பையை இரண்டாம் முறை கழுவினார். நான் சொல்லுவேன் என்று அவர் வந்திருக்கிறார், அவர் சொல்லுவார் என்று நான் காத்திருந்திருக்கிறேன். நல்ல வீரர்கள்தான் இரண்டு பேரும். அவர் போனபிறகு எனக்கு வந்த கோபத்தில் அடுத்த சட்டி ரோல்ஸைக் கருக்கிவிட்டேன்.

அந்த வாரத்திலேயே கோச்சின் மனைவி வேலையில் வைத்து என் கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனா. "பிரச்சினை முடிஞ்சுதடி. அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகினம்."

எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. வெளியாருக்கு இது விளங்காது. எங்கள் சங்கங்களில் ஒருவரையும் விலக்குவதில்லை, பொன்னாடைதான் போர்த்துவோம். சுருதி விலகிப் பாடத் தொடங்கிய பாடகர்குழுத் தலைவருக்குப் போர்த்தினோம். கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகத்தை மூன்று மணித்தியாலத்துக்கு இழுத்த அங்கிளுக்கு, அவருக்குப் பிடித்த நிறத்திலேயே வாங்கிப் போர்த்தினோம். பொன்னாடை விழுந்த நாளிலிருந்து அந்த ஆளுக்கு முன்வரிசையில் கதிரை உண்டு, வேலை கிடையாது. போர்த்துகிறவருக்கும் தெரியும், போர்த்தப்படுகிறவருக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். ஒருவர் மனமும் நோகாது. சொல்லமுடியாத சொல்லைச் சரிகை வைத்துச் சொல்லிவிடுகிற ஏற்பாடு அது.

வருடாந்த ஒன்றுகூடல் மதியச் சாப்பாட்டோடு பங்குக் கோயில் மண்டபத்தில் நடந்தது. இவர் வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். கோச் மேடையேறிப் பேசினார். ஒருகாலத்தில் எங்கள் அணிக்கு வலது பக்கம் என்று ஒன்றே இருக்கவில்லை என்றார், இவர் வந்துதான் அது உண்டானது என்றார், இவருடைய ஓட்டத்தை எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் சொல்லுவோம் என்றார். செத்தவீட்டில் பேசுவதுபோல அவ்வளவு உருக்கம். மண்சிவப்பில் பொன் கரை வைத்த பொன்னாடையை அவர் இவருடைய தோளில் போர்த்தியபோது எனக்கும் கண் கலங்கியது. முடிந்தது, கால் தப்பியது என்று சாப்பாட்டுக் கோப்பையோடு நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்தேன்.

இவர் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்று தொடங்கினார். "நீங்கள் என்னை இவ்வளவு பெரிசா நினைக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாது. இந்தக் காலோடை என்ன செய்யிறது எண்டு யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். இனி யோசிக்க ஒண்டுமில்லை. நீங்கள் இவ்வளவு சொன்ன பிறகு நான் வீட்டிலை இருந்தா நன்றி கெட்டவன். அடுத்த வருசமும் ஓடுவன். அதுக்கடுத்த வருசமும் ஓடுவன்."

கமிட்டிக்காரர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் மண்டபத்தில் மைக்கில் ஒருவர் பேசி முடித்தால் கைதட்டத்தான் வேண்டும், அவர் என்ன சொன்னார் என்பது பிறகு பார்க்கிற விசயம். ஆகப் பலமாகத் தட்டியவர் கோச். அவருடைய முகம் பச்சைப் புளி கடித்தவருடைய முகம்போல இருந்தது. அவருடைய மனைவி சோற்றுக் கோப்பைக்கு மேலால் என்னைப் பார்த்தா. நான் அவவைப் பார்த்தேன். கோல் காக்கிறவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

எங்கே பிழை விட்டோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் ஊரில் கடலுக்குப் போகிறவரின் பிள்ளை. அங்கே பொன்னாடை ஆயருக்கும் மந்திரிக்கும் விழுகிற ஒன்று. அதற்குப் பிறகு முகாம். எங்கள் சங்கக் கூட்டங்களில் இருந்து பழகியவர் அல்ல, பந்து முடிந்தால் நேரே வீடு. பொன்னாடை என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், இவருக்குத் தெரியாது. அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சபை முன்னால் சொன்னது சொன்னதுதான். இனிக் கமிட்டி மறுத்தால் அவமானம், மறுக்காவிட்டால் முழங்கால். விருந்து முடியும்வரை ஆட்கள் வந்து இவருடைய கையைக் குலுக்கினார்கள், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் நன்றாக இருந்தது. இவர் பொன்னாடையைக் கழற்றாமலே கார் ஓட்டினார். மகள் பின்சீட்டில் வட்டிலப்பத்துக் கப்பை நக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சத் தூரம் போனபிறகு இவர் சொன்னார்:

"நீர் கை தட்டேல்லை."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் தட்டினவை. நீர் தட்டேல்லை. நான் மேலை நிண்டு பாத்தனான்."

"ஓரமா நிப்பாட்டுங்கோ."

"ஏன்?"

"நிப்பாட்டுங்கோ எண்டுறன்."

மரத்தளபாடக் கடையொன்றின் முன்னால் நிறுத்தினார். நான் யோசித்து வைத்திருந்த நயமான வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "அந்தக் கால் திருப்பிப் போனா நீங்கள் எழும்பமாட்டியள். நான் ஒவ்வொரு நாளும் ஆக்களைத் தூக்கி நிப்பாட்டுறனான். உங்களை அப்பிடித் தூக்க எனக்குப் பெலன் இருக்கு, மனம் இல்லை. நீங்கள் ஓடவேண்டாம்."

"அவை கேக்கினம் அல்லோ. இவ்வளவு சனத்துக்கு முன்னாலை பொன்னாடை போத்தி..."

"ஐயோ, அது உங்களை அனுப்புறதுக்குப் போத்தினது!"

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாடகர்குழுத் தலைவர், நாடக அங்கிள், கராஜில் நடந்த கதை, கோச் கோப்பையை இரண்டு தரம் கழுவியது, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவருடைய முகம் சுருங்கியது. தோளிலிருந்த சால்வையின் கரையை விரலால் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப அவையளுக்கு நான் வேண்டாமோ?"

"நீங்கள் வேணும். நீங்கள் நொண்டுறதைப் பாக்க அவையளாலை ஏலாது, அவ்வளவுதான். அதை நேரை சொல்ல ஒருத்தருக்கும் வாயில்லை. எனக்கும் இல்லாமல் போச்சு."

அவரை உடைத்துவிட்டேனோ என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. பக்கத்தால் பெரிய லொறிகள் போகப் போகக் கார் மெல்ல ஆடியது. பிறகு அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, மிகவும் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப நான் இனி ஓடத் தேவையில்லையோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு ஓட ஆசை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"உள்ளுக்கை இருக்கேக்கை, நிண்டா யோசனை வரும் எண்டு ஓடத் தொடங்கினனான்" என்றார். "வெளியிலை வந்தும் விடேலாமப் போச்சு. ஓடுறன் எண்டுதானே என்னைக் கூப்பிட்டவை. ஓடாட்டி என்னை என்னத்துக்கு வச்சிருக்கப் போகினம்? போன வருசம் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலமை எழும்பேக்கை இண்டைக்கு மழை பெய்யாதோ, ஆட்டத்தை நிப்பாட்டாயினமோ எண்டுதான் பாப்பன். ஆரும் ஒருத்தர் போதும் எண்டு சொல்லுவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"தேவையில்லை" என்றேன். "ஓடத் தேவையில்லை."

"உண்மையாவோ?"

பின்சீட்டிலிருந்து மகள், சொன்னதைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறாரே என்ற அலுப்போடு சொன்னாள்: "அப்பா, அம்மா ஸெட் யூ டோன்ட் ஹாவ் டு. யூ கேன் ஜஸ்ட் ஸ்டே."

அவர் சிரிக்கத்தான் தொடங்கினார். பிறகு பொன்னாடையின் நுனியை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஒப்பரேசன் முடிந்து மயக்கம் தெளிந்த அன்றுகூட அழவில்லை. அழட்டும் என்று விட்டேன். பெரிய சுமையொன்றை நெஞ்சிலிருந்து இறக்கி வைத்ததுபோல எனக்கு லேசாக இருந்தது, அவருடைய தோளைப் பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

வீடுவரை காரை நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்துச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரண்டு கால்களையும் நன்றாக நீட்டி வைத்துக்கொண்டு, தெரு திரும்பமுன் நித்திரையாகிவிட்டார்.